எல்லாருக்கும் ஒரே அளவு

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். லாரிகளின் இரைச்சலுக்கு அருகே ஒரு பச்சைப் புல்வெளி. அதில் வரிசை வரிசையாகக் கற்கள். அதுதான் சென்னை யுத்தக் கல்லறைத் தோட்டம். பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலக யுத்த வீரர்களின் கல்லறைகளை 1952-ல் இங்கே ஒன்று சேர்த்தார்கள். 850 பேருக்கு மேல் உறங்குகிறார்கள்.

இந்த இடத்தை எனக்குக் காட்டியவர் என் தாத்தா. தச்சர். யுத்தத்தின்போது மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்து பர்மாவில் பாலம் போட்டவர். 'தம்பிகள்' என்று செல்லமாகச் சொல்வார்களே, அந்தப் படைதான்! ஊர் திரும்பியதும் மறுபடி உளியை எடுத்துக்கொண்டார். எங்கள் தெருவில் பாதி வாசற்கதவுகள் அவர் கைவேலை. யுத்தக் கதை கேட்டால் மட்டும், "அந்த இழைப்புளியை எடு, கண்ணு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் இங்கே அழைத்து வந்தார். பையிலிருந்து முழக்கோலை எடுத்து ஒரு கல்லை அளந்தார், அடுத்ததையும் அளந்தார்.

"பார்த்தாயா? அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவு!" என்றார். சற்றுப் பொறுத்து, "பர்மாவில் என் கூட்டாளிக்கு மரச் சிலுவை நான்தான் செய்தேன். அளந்து செய்ய நேரமில்லை, கண்ணு" என்றார். பாட்டியிடம்கூட அவர் சொல்லாத விஷயம் அது.

தாத்தா 2009-ல் காலமானார். முழக்கோல் என்னிடம் இருக்கிறது.

நேயர்களே, அந்தப் பக்கம் போனால் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு கல்லிலுள்ள பெயரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.