நீலமலையில் நாம் பார்க்காமல் வருபவை

சித்திரை பிறந்து சமவெளியில் வெயில் கொளுத்தத் தொடங்கியதும், நம்மவர்களுக்கு உதகமண்டலத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது. கம்பளிச் சட்டைகள் பெட்டியிலிருந்து வெளிப்படுகின்றன. மூன்று நாள் வாசம். ஏரியில் படகுச் சவாரி. தாவரத் தோட்டத்தில் ஒரு புகைப்படம். தொட்டபெட்டா உச்சியில் சுட்ட சோளக்கதிர். திரும்பும்போது வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும். "ஊட்டி பார்த்தாகிவிட்டது" என்ற திருப்தியுடன் மலையிறங்கி விடுகிறோம்.

இதில் தவறொன்றுமில்லை. உழைத்துக் களைத்த குடும்பஸ்தர் வருஷத்தில் மூன்று நாளாவது குளிர்ந்த காற்றைச் சுவாசிப்பது நியாயமே. ஆயினும் யோசித்துப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். நாம் பார்த்துவிட்டு வரும் ஏரியும் தோட்டமும் பங்களாக்களும், சொந்தத் தேசத்தை நினைத்து ஏங்கிய வெள்ளைக்காரர்கள் அந்த ஏக்கம் தீர அமைத்துக்கொண்டவை. அவர்களுடைய ஆட்சி 1947இல் முடிந்தது. அவர்கள் விட்டுச்சென்ற மூக்குக்கண்ணாடியை மட்டும் நாம் இன்னும் கழற்றவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தடவை நீலகிரியைச் சுற்றி வருவோமா?

மேட்டுப்பாளையத்தில் தொடங்குவோம். மோட்டாரில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். ரயிலில் போனால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அவசரமில்லாதவர்கள் ரயிலில்தான் போகவேண்டும். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் போடப்பட்ட பாதை இது. 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் பாதை ஏறுகிறது. வழவழப்பான சக்கரத்தை மட்டும் நம்பி அங்கே ஏற முடியாது. ஆகையால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சுரங்கத்தின் இருளில் வண்டி நுழையும்போது குழந்தைகள் கூச்சலிடுவார்கள். கூச்சல் அடங்கியதும், அந்தப் பாறையைக் குடைந்த கூலியாட்களைப் பற்றியும் அவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

குன்னூரில் இறங்குபவர்கள் 1874இல் அமைந்த சிம்ஸ் பூங்காவைப் பார்க்கிறார்கள். அதற்கு அருகில், 1907இல் தொடங்கி வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்து பேர்பெற்ற பாஸ்டர் நிலையம் இருக்கிறது. பிறகு டால்பின் மூக்கு, லாம்ப் பாறை என்று மலைமுனைகளில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறார்கள். நாலாபக்கமும் தேயிலைச் சரிவுகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றும். அந்தப் பச்சையினூடே அசையும் தலைகளையும் சற்றுக் கவனிக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளும் பெண்கள் அவர்கள். அவர்களில் பல குடும்பங்களின் கதை கடல் கடந்த கதை. முன்னோர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். 1964இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நாம் காலையில் பருகும் ஒரு கோப்பைத் தேநீரில் அந்த நெடும் பிரயாணமும் கலந்திருக்கிறது.

உதகைக்கு வருவோம். இந்த மலையை 1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் "கண்டுபிடித்தார்" என்று பள்ளிப் புத்தகங்களில் நாமும் படித்தோம், பிள்ளைகளுக்கும் கற்பித்தோம். ஆனால் 1117ஆம் ஆண்டிலேயே ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனுடைய தளபதி புணிசனின் சாஸனம் தோடர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எழுநூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர்களின் ஊரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? ஸல்லிவன் துரைக்கு நியாயம் செய்யவேண்டுமானால், ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இந்த நிலம் தோடர்களுக்கே உரியது என்று தம்முடைய சர்க்காரிடமே வாதாடியவர் அவர். சர்க்கார்தான் செவிசாய்க்கவில்லை.

தாவரத் தோட்டத்தை 1848 முதல் உருவாக்கியவர் மக்ஐவர். அங்கே கல்லாகிப்போன ஓர் அடிமரம் இருக்கிறது; வயது இரண்டு கோடி வருஷம் என்கிறார்கள். எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே தோட்டத்துக்கு மேலே, சிறிது தூரம் ஏறினால், மஞ்சக்கல் மந்து இருக்கிறது. மந்து என்பது தோடர் குடியிருப்பு. பீப்பாயை நெடுகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வளைந்த கூரை, முழந்தாளிட்டு நுழையவேண்டிய சிறு வாசல், சுற்றிலும் எருமைகள் மேயும் புல்வெளி; பழைய மந்தின் அமைப்பு இதுதான். இப்போது பலர் ஓட்டு வீடுகளுக்கும் காரை வீடுகளுக்கும் மாறிவிட்டார்கள். கோயில் மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கிறது. அவர்களுடைய சமய வாழ்வு எருமையையும் பாலையும் சுற்றி அமைந்தது. தொகையோ சுமார் இரண்டாயிரம் பேர்தான். பேசும் மொழி நம் தமிழுக்கு உறவுமுறையுள்ள திராவிட மொழி. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, கோடு எதுவும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே பெண்கள் செய்யும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோடர்கள் மட்டுமல்ல. கொல்லுவேலையும் மட்பாண்டமும் வாத்தியமும் அறிந்த கோத்தர், வயல் உழுத படகர், தேனெடுத்த குறும்பர், அடிவாரக் காடறிந்த இருளர் என்று பல மக்கள் இங்கே பால், தானியம், கருவி, தேன் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்தார்கள். ஒரு சிறு உலகமே இங்கே நடந்துகொண்டிருந்தது.

இவர்களைப் போய்ப் பார்ப்பது எப்படி? வடதுருவத்தை அடுத்த நார்வே நாட்டில் ஸாமி என்ற மக்கள் கலைமான் மேய்க்கிறார்கள். பனியையும் வானொளியையும் காணவரும் பிரயாணிகள் அவர்களையும் வேடிக்கை பார்த்தார்கள். அம்மக்களோ 1989இல் தங்களுக்கென்று ஒரு பிரதிநிதி சபையே அமைத்துக்கொண்டார்கள். காட்சிப் பொருள் என்று எண்ணப்பட்டவர்கள் குடிமக்களாகப் பேசினார்கள். மந்துக்குப் போகிறவர்களுக்கும் இது நினைவிருக்கட்டும். அனுமதி கேட்டு நுழையுங்கள், கோயிலருகே போகாதீர்கள், கேளாமல் படம் எடுக்காதீர்கள், பூவேலைத் துணி வாங்கினால் பேரம் பேசாதீர்கள். அழையாத விருந்தாளி நம் வீட்டுப் பூஜையறையில் நுழைந்தால் நமக்கு எப்படியிருக்கும்?

எருமை என்றோம், எருமைக்குப் புல் வேண்டும். கூடலூர்ச் சாலையில் ஆறாவது மைலிலும் ஒன்பதாவது மைலிலும் அந்தப் புல்மேடுகளைக் காணலாம். சினிமாவில் கதாநாயகரும் நாயகியும் ஓடியாடும் மேடுகள்தாம் அவை! மேடெல்லாம் புல், மடிப்பெல்லாம் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. இதுதான் உயர்மலையின் இயற்கை அமைப்பு. மார்கழி, தை மாதங்களில் இரவில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடுவதுண்டு. விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி வெளுத்திருக்கும். அந்தப் பனியில் இளங்கன்றுகள் கருகிவிடும். புல்லின் வேர் தப்பிவிடும். வரையாடு வாழ்வதும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளிகளில்தான்.

வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு இது தரிசு நிலமாகப் பட்டது. விறகுக்கென்று யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே தொடர்ந்தோம். தோல் பதனிடப் பட்டையும், செயற்கைப் பட்டுக்குக் கூழும் வேண்டுமென்று இன்னும் அதிகமாக நட்டோம். புல்வெளி சுருங்கியது; எருமையும் குறைந்தது. இப்போது வாட்டிலை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது.

சமவெளியில் வசிக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். புல்லும் சோலையும் சதுப்பும் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. பவானியும் மோயாறும் அந்த நீரைத்தான் கொண்டுவருகின்றன. 1932இல் எழுந்த பைகாரா மின்நிலையம் கோயமுத்தூர்ப் பஞ்சாலைகளை ஓட்டியது. மலையைக் குடைந்தும் வெட்டியும் கட்டிடம் எழுப்பினால் என்ன ஆகும் என்பதையும் அதே மழை காட்டியிருக்கிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில், மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை ஏற்பட்டது. "காற்று வாங்கப் போவதற்கும் சீட்டா?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. சிறிய வீட்டில் பெரிய கல்யாணம் என்றால் எத்தனை இலை போடலாம் என்று எண்ணத்தானே வேண்டும்?

ஆகையால் அடுத்த முறை போகிறவர்கள் கோடை நெரிசலை விட்டு வேறு மாதத்தில் போகட்டும். படகில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டு, புல்மேட்டில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். தண்ணீர்ப் புட்டியும் காகிதக் குப்பையும் கொண்டுபோனவர்களுடனேயே திரும்பி வரட்டும். மலைமேல் இருப்பவர்கள் வருஷம் முழுவதும் அங்கேயே இருப்பவர்கள்; நாம் மூன்று நாள் விருந்தாளிகள். விருந்தாளிக்குரிய அடக்கத்தோடு போகிறவர்களுக்கு நீலமலை இன்னும் எவ்வளவோ காட்டும்.