ஏ9 வீதிக்கு ஒரு வாகனத்தை ஆயத்தப்படுத்துதல்

பத்திரிகை அலுவலகங்களில் நீண்டகாலம் பணியாற்றியவர்களுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். "சாரதிக்கு ஏற்பட்ட நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணமென ஆரம்பகட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளது" என்பது அவற்றுள் ஒன்று. "ரயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியோர மரத்துடன் மோதியது" என்பது மற்றொன்று. பிராந்தியச் செய்தியாளர் அதிகாலையில் தொலைபேசியில் ஊரின் பெயரையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் சொல்லுவார். மிகுதியைக் கை தானாகவே எழுதிவிடும். ஏ9 வீதியில் இவ்வாறு இறப்பவர்களுள் வெளிநாட்டிலிருந்து வந்து, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் அடங்குவர். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்து ஆறு மணித்தியாலம் ஆகியிருக்காது.

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கும்போதெல்லாம் இதுபற்றி எழுதவேண்டுமென்று நினைப்பதுண்டு. வாகனத் திருத்தம் என் துறையன்று. ஆனால் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றரைப் பலவிதமான காலங்களில் கடந்தவன் என்ற முறையிலும், நல்லதொரு மெக்கானிக்கின் நட்பைப் பெற்றவன் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்லலாம்.

எங்கள் தலைமுறையினருக்கு "வாகனத்தை ஆயத்தப்படுத்துதல்" என்பதன் பொருள் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. 1990 இல் வடக்குக்கான பெற்றோல் விநியோகம் தடைப்பட்டபோது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். அன்று ஊரில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் இலகுவில் ஆவியாகாது. எனவே பொன்போலச் சேமித்து வைத்த சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரத்தால் வடிந்து எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்யும். அந்த ஓயிலை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்றுவதற்கோ ஓயிலும் இல்லை. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தபடியால் அவை தாக்குப்பிடித்தன. இன்றைய கார் ஒன்றுக்கு அதைக் கொடுத்தால் அன்றே படுத்துவிடும்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது ஆயத்தம் என்பது முதலில் கடதாசிகளாக இருந்தது. வாகனப் பதிவுப் புத்தகம், காப்புறுதி, அடையாள அட்டை, அவற்றின் பிரதிகள். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறவேண்டும். இருக்கைகளைக் கழற்றிப் பார்ப்பார்கள். நான் சென்ற வானில் இரண்டு மேலதிகச் சில்லுகள் இருந்தன. வீதியில் இருந்த குழிகள் ஒரு காரணம். மற்றையது, தார் வீதியை விட்டுக் கீழே கால் வைக்கக்கூடாது என்பது. இருபுறமும் மண்டையோட்டுப் படத்துடன் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. காற்றுப் போனால் நடுவீதியிலேயே சில்லை மாற்றவேண்டும். இன்றைக்கு அதற்கு நேர்மாறானதையே சொல்லவேண்டும்: சில்லில் காற்றுப் போனால் வாகனத்தை வீதியை விட்டு எவ்வளவு தூரம் இறக்கமுடியுமோ அவ்வளவு தூரம் இறக்கி, ஆட்களையும் இறக்கித் தள்ளி நிற்கச் செய்யுங்கள். பின்னால் வருகின்ற சொகுசு பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது.

2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னர் படிப்படியாகத் திறந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியும் 2015 இல் அகற்றப்பட்டது. 2022 இல் இன்னொரு விதமான தடை வந்தது. கியூஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என் கார் அந்த அளவைக் கொண்டு வவுனியாவைக்கூட எட்டாது. அந்த முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது.

தடைகள் இருந்த காலத்தில் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே வாகனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தடைகள் நீங்கி, காப்பற் வீதியும் வந்த பின்னர், நான்கு சில்லுகளுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுப் புறப்படுகிறோம். தேசிக்காயை நான் குறை கூறமாட்டேன். அதை வைப்பதற்காகவாவது யாரோ ஒருவர் குனிந்து நான்கு ரயர்களுக்கும் அருகே போகிறார். அப்படிக் குனிபவர் அப்படியே இன்னும் ஒரு நிமிடம் ரயரைப் பார்த்தால் போதும்.

பார்க்கவேண்டியது என்ன? ரயரின் பக்கச் சுவரில் டொட் என்ற எழுத்துகளின் தொடர்ச்சியாக வரும் கடைசி நான்கு இலக்கங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. றப்பர் ஓடாமல் நின்றாலும் முதிர்ந்துபோகும். பூ தேயாமல் புதிதுபோல் இருக்கும் ரயரின் பக்கச் சுவரில் மயிர்போன்ற வெடிப்புகள் இருந்தால் அது நீண்ட பயணத்துக்கு உரியதல்ல. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த நாடு இது. வயது போன வாகனங்களை வைத்துக்கொண்டே நாங்கள் காலம் தள்ளினோம். ஆகவே இதைப் பார்க்காமல் விடமுடியாது.

அடுத்தது காற்று. "வெயிலுக்குக் காற்று விரியும், ஆகையால் குறைத்து அடியுங்கள்" என்று சொல்லுகின்ற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது ஆபத்தான அறிவுரை. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அந்த மடிப்பே வெப்பமாகிறது. பாரம் ஏற்றி, வேகமாக, மணிக்கணக்கில் ஓடும்போது அந்த வெப்பந்தான் ரயரைப் பிளக்கிறது. எவ்வளவு காற்று வேண்டுமென்பது சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பல வாகனங்களில் முழுப் பாரத்துக்கு வேறு அளவு இருக்கும். கனடாவிலிருந்து வந்த ஆறு பேரும், ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டிகளும் என்றால் அது முழுப் பாரமேதான். ஓடுவதற்கு முன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும்.

நான் குறிப்பிட்ட மெக்கானிக் எழுபது வயதைக் கடந்தவர். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க் கார்களைப் பழுதுபார்த்தவர். பின்னர் வத்தளையில் சிறியதொரு கராஜ் வைத்திருந்தார். ஊருக்குப் போகும்போது றேடியேற்றரைப் பற்றி அவர் சொன்னதை நான் மறப்பதில்லை.

"தம்பி, அங்கத்தைய கிணத்துத் தண்ணியை மட்டும் இதுக்கை ஊத்தாதையும். மனிசருக்குக் கல்லு வாற மாதிரி இதுக்கும் வரும்."

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறிய நீர். கேத்திலின் அடியில் படிகின்ற அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களையும் அடைக்கும். கூலன்ற் வாங்கி ஊற்றுங்கள். இல்லையேல் வடித்த நீரை ஊற்றுங்கள். தண்ணீர் துருவின் நிறத்தில் இருந்தால் புறப்படுவதற்கு முன்னரே கராஜுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது அந்த மூடியினால்தான்; திறந்த கணத்தில் அது முகத்துக்குத்தான் வரும்.

ஹைபிரிட் கார் வைத்திருக்கின்ற நண்பர்களுக்கு ஒன்று: பெரிய பற்றரிக்குக் காற்றை இழுக்கும் துவாரம் பின்னிருக்கையின் அருகிலோ அடியிலோ இருக்கும். அதன் மேல் தலையணையையும் பனங்கட்டிப் பொதியையும் வைத்து அடைத்துவிட்டு, வன்னி வெயிலில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதென்று தொலைபேசி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறேக், வைப்பர், ஓயில் ஆகியவற்றை எந்தக் கராஜிலும் பார்த்துத் தருவார்கள். கராஜில் பார்க்காத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பின்னிருக்கைப் பட்டிகளின் கொளுவிகள் அலங்கார உறைகளுக்குள் புதைந்து கிடக்கும். அவற்றைத் தோண்டி எடுங்கள். அடுத்தது முன் விளக்கு. பின்பக்கம் பாரத்தில் தாழும்போது விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். வீதியில் படுத்திருக்கும் மாடோ பின்விளக்கில்லாத உழவு இயந்திரமோ உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இதற்கென்றே பல கார்களில் சுக்கானுக்கு அருகே எண்கள் இட்ட சிறிய சில்லு ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டே பார்க்காதவர்கள் பலர்.

ஆனால் இவையெல்லாம் சரியாக இருந்தும் அந்த முதலாவது வாக்கியம் எழுதப்படுகிறது. அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனித உடல் நித்திரையையே நாடும். விமானம் இரவு பத்து மணிக்கு இறங்கினால், பெட்டிகளை எடுத்து வெளியே வரப் பதினொன்றாகும். வவுனியாவைத் தாண்டும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு நேரான, வளைவு குறைந்த வீதி. பின்னால் எல்லோரும் உறக்கம். விழித்திருக்கவேண்டிய ஒருவரிடம், கடைசியாக எப்போது உறங்கினீர்கள் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் எந்தச் சாரதியும் போவதில்லை என்பது ஒன்றே ஆறுதல். தேங்காய் உடைத்து, முகம் கழுவி, கச்சான் வாங்குகின்ற அந்தப் பத்து நிமிடம் எத்தனை உயிர்களைக் காத்திருக்குமோ தெரியாது. ஆனால் முறிகண்டி வவுனியாவுக்கு அப்பால் அல்லவா இருக்கிறது?

இம்முறை என் அக்காவின் குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. இரவிலேயே புறப்படவேண்டுமென்பது அத்தானின் முடிவு. "இரவிலை ஓடினா வெயிலும் இல்லை, றோட்டிலை சனமும் இல்லை" என்றார். வானின் சாரதியுடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினேன். முதலில் ரயர்களின் படங்களை அனுப்பச் சொன்னேன். நான்கும் கடந்த ஆண்டில் செய்யப்பட்டவை. பிறகு அவருடைய அந்த வார ஓட்டங்களை விசாரித்தேன்.

"முதல்நாள் இரவு ஒரு குடும்பத்தை ஏத்திக்கொண்டு யாழ்ப்பாணத்திலையிருந்து எயார்போட்டுக்கு வாறன் ஐயா. அடுத்தநாள் இரவு உங்கடை ஆக்களோடை திரும்பிறன். சும்மா திரும்பினா டீசல் காசும் வராது."

"பகலிலை எங்கை படுப்பீர்?"

"வானுக்கைதான்."

அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? கட்டுநாயக்க வெயிலில், கண்ணாடி இறக்கிய வானுக்குள் ஒரு மனிதன் எவ்வளவு உறங்கமுடியும்? அக்காவுடன் பேசினேன், அத்தானுடன் அவர் பேசினார். நீர்கொழும்பில் மூன்று அறைகள் ஒதுக்கியிருக்கிறேன். இரண்டு அவர்களுக்கு, ஒன்று சாரதிக்கு. காலை ஐந்தரைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டுக்குக் கிளிநொச்சியைத் தாண்டிவிடலாம் என்று சாரதி சொல்லுகிறார். பிந்தினாலும் பாதகமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.