தேரிக்காட்டில் ஓர் அஸர்

பாலைவனம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டனர். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரி இருக்கிறது. இரும்புச் சத்தால் சிவந்து, காற்றால் குவிந்த மணல்மேடுகள். ஆண்டிபட்டியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் தேரியில் நடந்து, அங்கேயே அஸர் தொழுது, இரவு காயல்பட்டினத்தில் தங்கி, ஞாயிறு திரும்புவதாக இன்ஷா அல்லாஹ் திட்டமிட்டுள்ளோம்.

“எங்கும் மண்தானே அத்தா, தயம்மும் போதுமே?” என்றான் இளையவன். மண் இருப்பதால் மட்டும் தயம்மும் கூடிவிடாது. தண்ணீர் கிடைக்காதபோது, அல்லது இருப்பது குடிப்பதற்கே தேவைப்படும்போது அது சலுகை. எனவே குடிக்க ஒரு கேன், உளூவுக்கு ஒரு கேன்.

“சுற்றிப் பார்க்கப் போவதற்குமா கஸ்ரு?” என்றார் என் மனைவி. ஆம், ஆகுமான பயணம் எதுவாயினும் அஸர் 2 ரக்அத்தே. காயல்பட்டினத்தில் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் மட்டும் இஷா 4. அச்சம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்குகிறோம் என்று உமர் (ரலி) கேட்டபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

பயணத்திற்குத் திட்டமிடும்போது உணவையும் வாகனத்தையும் போலவே தொழுகை நேரங்களையும் முதலிலேயே குறித்துக்கொள்வோம். தொழுகை பயணத்திற்குத் தடையல்ல. ரப்பு அதைப் பயணிக்கு இலேசாக்கியே தந்திருக்கிறான்.