புகைக்கு ஒரு வழி

‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?’ என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. ஆனால், அடுப்பூதியவரின் நெஞ்சுக்குள் சென்ற புகை என்னவாயிற்று என்று நாம் கேட்டதுண்டா? எங்கள் குடும்பத்தில் அக்கேள்வி எழுந்தது ஜுபைலுக்கு வந்த பிறகுதான்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்கள் அம்மா, பேரப்பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கிச் செல்ல வந்திருந்தார். வந்த மறுநாளே சமையலறையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அப்போது கோடைக்காலம். வெளியே 45 டிகிரி வெயில், புழுதிக் காற்று. சன்னல்களை இறுக மூடி ஏ.சி. ஓடும் வீட்டில், மிளகாய் வறுத்த நெடி வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மாவின் இருமலும் ஓயவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நெஞ்சைச் சோதித்த அவர், “எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார்?” என்று கேட்டார். கணக்கிட்டோம், நாற்பதைத் தாண்டியது. “சுருங்கிய மூச்சுக்குழாய்களை முழுதும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. இனியேனும் புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. வீட்டினுள் எரியும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எரிவாயு அடுப்பு வந்துவிட்டால் கவலை முற்றிலும் தீர்ந்தது என்றும் கொள்வதற்கில்லை. மிகுந்த சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவி, புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது.

நாங்கள் தலைகுனிந்தோம். மீன்பிடி ஊராக இருந்த ஜுபைல், 1975இல் அரச ஆணையம் அமைக்கப்பட்ட பின்னரே பெருந்தொழில் நகராக வளர்ந்தது. இங்குள்ள ஆலைகளில், வாயு கசிந்தால் உடனே எச்சரிக்கும் கருவிகளைப் பராமரிப்பதே எங்கள் பிழைப்பு. ஆலையின் காற்றைக் காக்கத் தெரிந்த எங்களுக்கு, அம்மா நிற்கும் அடுப்பங்கரையின் காற்று கண்ணிற்படவில்லை!

அந்த வாரமே சுவரில் மாட்டும் புகைபோக்கி ஒன்றை வாங்கினோம். ஊரில் ‘சிம்னி’ என்பார்கள். இங்கே ‘ஹூட்’ என்பார்கள். நான்கு திருகாணிதானே என்று நாங்களே மாட்டினோம். பளபளவென்றிருந்தது, விளக்கும் எரிந்தது. மறுநாள் அம்மா குழம்பு தாளிக்க, மணம் படுக்கையறையில் வந்து நின்றது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோதுதான் எங்கள் அறியாமை விளங்கிற்று. குழாயின் மறுமுனையை ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே விட்டிருந்தோம். புகையை வெளியேற்றவில்லை, ஒளித்து வைத்திருந்தோம். அங்கே எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால் தீ விபத்துக்கும் இடமுண்டு.

வீட்டு உரிமையாளரின் இசைவு பெற்று, தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு மீண்டும் செய்தோம். அப்போது கற்றவற்றைச் சொல்லுகிறோம். எரிவாயு அடுப்பெனில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், மின்னடுப்பெனில் 65 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுவது பொது வழக்கு. எனினும் கையேடு சொல்வதே முடிவு. தாழ்ந்தால் தீக்கு அஞ்ச வேண்டும். உயர்ந்தால் புகை தப்பிவிடும். அகலம் அடுப்பைவிடக் குறையலாகாது. உள்ளே கூடாக இருக்கும் சிமெண்ட் கல் சுவரானால், அதற்குரிய பிடிப்பாணிகளே எடையைத் தாங்கும். வெளியேறும் குழாய் குறுகாமல், நேராக, இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் குறைக்கும். வெளிவாயில், புழுதி உள்ளே வராதபடி தானே மூடிக்கொள்ளும் தகடு தேவை. சவூதியின் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் மின்னிணைப்பும் வழக்கில் இருந்தது. ஆகவே கருவிக்குரிய மின்னழுத்தத்தைச் சரிபார்த்த பின்னரே இணைக்க வேண்டும். சுவரில் துளையிட இசைவு கிடைக்காதோர் கரி வடிகட்டி உள்ளதை வாங்கலாம். அது நெடியைக் குறைக்குமேயன்றி நீராவியை வெளியேற்றாது. கரியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மாட்டினால் மட்டும் போதாது. அடுப்பை மூட்டுமுன் ஓடவிட்டு, அணைத்த பின்னும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். சன்னலைச் சிறிதளவு திறந்து வைத்தல் நன்று. உள்ளே காற்று வந்தால்தானே வெளியே காற்றுப் போகும்?

அம்மாவுக்கோ வேறொரு குறை. “இந்த இரைச்சலில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கவில்லையே! நான் எப்படித் தாளிப்பது?” என்றார். கண்ணைவிடக் காதால் சமைத்தவர் அவர். கடுகு வெடிக்கும்வரை மெல்லிய வேகம், மிளகாயைப் போடும்போது முழு வேகம் என்று உடன்பாடு செய்துகொண்டோம். சில வாரங்களில் இருமல் தணிந்தது, நோய் நீங்கவில்லை.

ஒருநாள் இரவு அவர் சொன்னார்: “நம் பழைய ஓட்டு வீட்டில்கூட அடுப்புக்கு மேலே புகைக்கு ஒரு வழி இருந்தது.” வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவ்வீட்டை இடித்து, எங்கள் சம்பாத்தியத்தில் மாடிவீடு கட்டியவர்கள் நாங்கள். பூசைக்கு ஓர் அறை வைத்தோம். வண்டிக்கு இடம் விட்டோம். புகைக்கு வழி வைக்கவில்லை. சிலிண்டரை மிச்சம் பிடிப்பதற்காக அம்மா அந்த அடைத்த அறையில்தான் வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகெரித்திருக்கிறார்!

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் செய்த முதல் வேலை, அச்சுவரை உடைத்துப் புகைபோக்கி வைத்ததுதான். விறகடுப்பை முற்றத்துக்கு மாற்றினோம். அது காலங்கடந்த கைம்மாறு என்பதை அறிவோம்.

இங்கே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, புகைபோக்கியின் வலைத்தட்டுகளைக் கழற்றி வெந்நீரில் கழுவுவது எங்கள் மகன், மகள் இருவரின் கடமை. உண்பவர் எல்லார்க்கும் அதில் பங்குண்டு என்று சொல்லியிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! விழா முடிந்து வீடு சென்றதும் உங்கள் அடுப்புக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று அப்பாவைக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால், ஏணியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் ஏறிப் பார்க்கட்டும்.