வாயில்லா வாகனம்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்ல, நம் பழைய அம்பாஸிடரின் பின்னே சிறிய கேரவன் ஒன்றைப் பூட்டலாம் என்றார் மச்சான். விடுதி வாடகை மிச்சமாகும். குடும்பத்தோடு தங்கவும் தொழவும் இடமிருக்கும். குளத்தூரில் பிள்ளைகளுக்கு அன்றே பெருநாள் வந்துவிட்டது!

ஆனால் இழுக்கும் வலிமை வேறு, நிறுத்தும் வலிமை வேறு. நம் காரோ நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டது. மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். கேரவனுள் பாரம் அச்சுக்குப் பின்னே மிகுந்தாலோ, வேகத்தில் அது பாம்புபோல் நெளிந்து காரையும் இழுத்துச் சாய்க்கும். பாரமேற்றிய கேரவன் காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பிரிட்டனில் புதியவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை. அதுவும் நல்ல நிலையிலுள்ள காருக்கு!

பட்டினி போட்டு, ஓயாது வேலை வாங்கிய உரிமையாளரைப் பற்றி ஒட்டகம் ஒன்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்ட செய்தி அபூதாவூதில் உள்ளது. காருக்கு முறையிட வாயில்லை. ஏறியமர்ந்ததும் நாம் ஓதும் ஸூரத்துஸ் ஸுக்ருஃப் 13, 14ஆம் வசனங்களோ, வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை என்பதையே நினைவூட்டுகின்றன.

மச்சான் கேரவனை வேறொரு ஜீப்பில் பூட்டி எடைமேடைக்குக் கொண்டுசெல்கிறார். பாத்திரம், பாய், தண்ணீர் யாவும் ஏற்றிய பின்பே எடை போடுமாறு சொல்லியனுப்பியுள்ளோம்.