எழுதி வைத்தால்தான் வருத்தமா?

கொரோனா போய்விட்டது என்கிறோம். உலகளாவிய அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5 ஆம் திகதி அறிவித்தது. ஆனால் காய்ச்சல் விட்ட பின்னும் களைப்பும் மூச்சுவாங்கலும் மறதியும் பலரை விட்டுப் போகவில்லை. இதைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் எப்படி எழுதப்பட்டு வந்தன என்று அறிந்தபோது, பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி அதில் இருப்பதாக எனக்குப் பட்டது.

2020 இன் தொடக்கத்தில் மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் இறப்பையும் தீவிர சிகிச்சையையும் பற்றியே எழுதின. வீட்டில் இருந்தவர்கள் இரண்டு கிழமையில் தேறிவிடுவார்கள் என்று கருதப்பட்டது. தேறாதவர்கள் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியலாளர் 2020 மே மாதத்தில் இதற்கு 'நீண்ட கொவிட்' என்று பெயரிட்டார். அதே மாதம் நோயாளர் குழுவொன்று 640 பேரிடம் விபரம் திரட்டி வெளியிட்டது. 2021 இல் அக்குழுவின் அடுத்த ஆய்வு மருத்துவ இதழிலேயே வந்தது. 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேர் அதில் பதிலளித்திருந்தனர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் பெண்கள். உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கு வரைவிலக்கணம் தந்தது அதற்குப் பிறகு, 2021 ஒக்டோபரில்தான். பின்னர் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. முதலில் அறிகுறிகளை எண்ணினார்கள். பிறகு காரணத்தைத் தேடினார்கள். மருந்துப் பரிசோதனைகள் பிந்தியே வந்தன.

எனக்கும் 2021 இல் கொரோனா வந்தது. ஒரு கிழமையில் காய்ச்சல் விட்டது. ஆனால் கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளினால் மறுநாள் படுக்கைதான். மருந்தெடுக்கப் போன இடத்தில், "சண்டைக்குள்ள இருந்து வந்தனீங்கள், யோசிச்சு யோசிச்சு வந்த வருத்தம் அம்மா" என்றார்கள். யோசனை 2009 இலிருந்து என்னோடு இருக்கிறது. அதை எனக்குத் தெரியும். இது வேறு. வேலை செய்த மறுநாள் உடம்பு விழுந்துபோவது அந்த 3,762 பேரிலும் மிகப் பலர் சொன்ன அறிகுறி என்று பிறகு அறிந்தேன்.

ஒரு கொப்பியில் திகதி போட்டு, என்ன வேலை செய்தேன், மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதினேன். அதைப் பார்த்த இன்னொரு வைத்தியர் இரத்தச்சோகை, சீனி, தைரோயிட் எல்லாம் சோதிப்பித்தார். வேலையைப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்யச் சொன்னார்.

இதுவரை வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரித்தானியா போன்ற வசதி படைத்த நாடுகளில் எழுதப்பட்டவை. விறகு சுமந்து, கூலிவேலைக்கும் போகிற பெண்ணின் உடம்பு அவற்றில் அரிதாகவே வருகிறது.

சகோதரிகளே, போரில் பட்டவள் என்பதற்காக நம் உடலின் எல்லா நோவையும் மனதின் கணக்கில் எழுதிவிட நாம் இடம்கொடுக்கக் கூடாது. மனதின் நோவுக்கும் மருந்து வேண்டும். உடலின் நோவுக்கும் வேண்டும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியும் கையில் இருக்கட்டும். எழுதத் தெரியாத அயலவளுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.