வேலியும் பொட்டும்

யாழ்ப்பாணத்து வீட்டிற்கு வேலி எத்துணை இன்றியமையாததாக இருந்ததோ, அவ்வேலியில் அயலவர் வந்துபோக விடப்பட்ட பொட்டும் அத்துணை இன்றியமையாததாகவே இருந்தது. வேலி காவலுக்கு, பொட்டு உறவுக்கு. இரண்டையும் ஒருங்கே பேணியதே நமது அயல்வாழ்வின் நாகரிகம் எனலாம். மதில்கள் எழுந்துவிட்ட இந்நாளில் கிடுகு வேலியும் பொட்டும் அருகிவிட்டன. ஆயினும், யாருக்கு அடைப்பது, யாருக்குத் திறப்பது என்ற பழைய வினா மறைந்துவிடவில்லை. எங்கள் வீட்டில் அது ரவுட்டர் என்னும் சிறு பெட்டியின் வடிவில் வந்து சேர்ந்தது.

அப்பெட்டியை ஆள்வதற்கெனக் கைத்தொலைபேசியில் ஒரு செயலி உண்டு. கனடாவிலிருந்து அண்ணன் பேசும்போது குரல் அறுந்தறுந்து வரவே, சென்ற விடுமுறையில் அதனை நிறுவினேன். எத்தனை முறை முயன்றும் சாதனத்தைக் காணவில்லை என்றே அது கூறிற்று. பெட்டியோ இரண்டு முழத் தூரத்தில் இருந்தது! ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. வைஃபையில் இணையம் தடைப்பட்டதும் தொலைபேசி தன்பாட்டில் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுவதுண்டு. அப்போது அது வீட்டு வலையமைப்புக்கு வெளியே நின்றுகொண்டே வீட்டுப் பெட்டியைத் தேடுகிறது. டேட்டாவை நிறுத்தியதும் பெட்டி அகப்பட்டது. செயலி முற்றாகக் கைவிட்டாலும், 192.168.1.1 போன்ற உள்முகவரியை உலாவியில் இட்டுக் கட்டுப்பாட்டுப் பக்கத்தை அடையலாம். அம்முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

பழுது தீர்ந்தது, ஐயம் தொடங்கியது. செயலி இருப்பிட அனுமதியைக் கேட்டது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. சூழவுள்ள வைஃபைகளின் பெயர்களைக் கொண்டே ஒருவர் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம் ஆதலின், அவற்றைத் தேடும் செயலி அவ்வனுமதியைப் பெறவேண்டும் என ஆண்ட்ராய்டு விதித்தது. ஆனால் அச்செயலி தயாரிப்பு நிறுவனத்தில் ஒரு கணக்கையும் திறக்கச் சொன்னது. வெளியூரிலிருந்தும் பெட்டியை ஆளலாம் என்றது. அவ்வாறு ஆளும்போது நமது கட்டளை நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றே வீட்டுக்குத் திரும்புகிறது. வீட்டுச் சாவியின் படி ஒன்று முன்பின் அறியாதவரிடம் இருப்பதற்கு இது ஒப்பாகும் அல்லவா?

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்டு மாற்றப்படாதிருந்த ஏறத்தாழ 60 பெயர்-கடவுச்சொல் இணைகளை மாறிமாறி முயன்றே கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அப்படையின் தாக்குதலால் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அடுத்த மாதமே அதன் திரிபு ஒன்று, தொலைவிலிருந்து பராமரிப்பதற்கென விடப்பட்ட வாயிலைத் தாக்க, ஜேர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளரின் ரவுட்டர்கள் செயலிழந்தன. கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லை இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்பிரலில் சட்டத்தால் தடுத்தது.

எங்கள் பெட்டியில் இணைந்திருந்த கருவிகள் 11 எனச் செயலி காட்டியது. எங்களுடையவை 5. "உடனை பாஸ்வேட்டை மாத்து, தம்பி," என்றார் அப்பா. அவரது வங்கிக் கணக்கும் அதே தொலைபேசியில்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோதினை வருது, மறந்துபோனியளே?" என்றார் அம்மா. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது அப்பிள்ளை எங்கள் மதிலோரம் இருந்தே படித்தது. அன்று கொடுத்த கடவுச்சொல் ஒழுங்கை முழுவதும் அறிந்த ஒன்றாயிற்று. பட்டியலில் பெயரற்ற கருவிகளும் இருந்தன. அவை கள்வருடையவைதாம் எனக் கொள்வதற்கில்லை. அண்மைக்காலத் தொலைபேசிகள் தம்மைப் பின்தொடராதிருக்க மெய்முகவரியை மறைத்துப் புனைமுகவரியைக் காட்டுகின்றன.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. கடவுச்சொல்லை மாற்றினேன், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன், தொலைவிலிருந்து ஆளும் வசதியை அடைத்தேன். விருந்தினர்க்கென வேறொரு வலையமைப்பைத் திறந்தேன். அதில் நுழைவோர் இணையத்தைப் பெறுவர். எங்கள் கருவிகளை எட்டார். அதன் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி, அம்மாவே அப்பிள்ளையிடம் கொடுத்துவந்தார்.

எனினும் ஒன்று என்னை உறுத்திற்று. எந்தக் கருவி எப்போது விழித்திருக்கிறது என்பதையும் செயலி காட்டுகிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு அப்பிள்ளையின் தொலைபேசி இணைந்திருந்ததைக் கண்டேன். படித்ததோ, யாருடனேனும் பேசியதோ, அதனை அறிய எனக்கென்ன உரிமை? கள்வனைத் தடுக்க ஏறிய பரணிலிருந்து அயலவரின் முற்றமும் தெரிகிறது. அச்செயலியை நீக்கிவிட்டேன். வேண்டும்போது உலாவி வழியே கட்டுப்பாட்டுப் பக்கத்தை அடைந்தால் போதும். காவல் செய்வோன் காணத்தக்கது எது, காணாது விடத்தக்கது எது என்பதை எந்தப் பொறியும் நமக்காகத் தீர்மானிக்கப் போவதில்லை.